பெயின்ற் வாளியில் ஒரு மாமரம்

எங்கள் அப்பா நிலத்தில் எதையும் நட மாட்டார். நெளுக்குளத்தில் நாங்கள் இருந்தது சின்ன வளவு இல்லை. வீட்டுக்குப் பின்னால் அயல் வீட்டுப் பிள்ளைகள் வந்து கிரிக்கெற் விளையாடுகிற அளவுக்கு வெறும் நிலம் கிடந்தது. நல்ல செம்மண். ஒரு மழை பெய்தால் துப்பிய கொட்டையெல்லாம் முளைக்கும். அப்படிப்பட்ட மண்ணைச் சும்மா கிடக்க விட்டுவிட்டு, அப்பா கத்தரியையும் மிளகாயையும் தக்காளியையும் பெயின்ற் வாளிகளில் வளர்த்தார். முதலில் குசினிக்குப் பின்னால் மட்டும் நின்ற வாளிகள் மெல்ல மெல்லக் கிணற்றடி வழிக்கு வந்தன, வேலியோரம் போயின, கடைசியில் முன்வாசலையும் பிடித்துக்கொண்டன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் வாளியில் கால் இடறி, பிறகுதான் எங்களைச் சுகம் விசாரிப்பார்கள்.

அப்பாவுக்கு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. சண்டை முடிந்து, வவுனியாவைச் சுற்றிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வேலை முடிந்து வரும்போது வெறும் வாளிகளைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். அரிசி போட்டு வைக்கலாம், தண்ணீர் பிடிக்கலாம் என்று அம்மாவுக்கும் ஆரம்பத்தில் சந்தோஷம்தான். பிறகு டவுனில் ஒரு மாடி வீட்டுக்கு வேலைக்குப் போனவர், மேல்மாடியில் வீட்டுக்காரர் வாளிகளில் தோட்டம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

"தண்ணி ஊத்தவே தேவையில்ல. செடி தானே குடிச்சுக்கும்," என்றார் அம்மாவிடம்.

"அப்ப நாத்து நட்டு களையும் அதுவே எடுத்துக்குமா?" என்றார் அம்மா.

ஒரு வாளிக்குள் இன்னொரு வாளியை இறக்குவார். உள்வாளியின் அடியில் ஓட்டைகள் போட்டு, நடுவில் ஓட்டை போட்ட ஒரு யோகட் கோப்பையைத் தொங்கவிடுவார். கோப்பைக்குள் மண், கோப்பை நிற்பது அடிவாளித் தண்ணீரில். தண்ணீரைக் கோப்பை மண் உறிஞ்சி மேல் மண்ணுக்குக் கொடுக்கும். வேர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் விட ஓரத்தில் ஒரு குழாய்த் துண்டு. கூடினால் வடிந்து போக வெளிவாளியில் ஒரு துளை. முதல் தடவை அந்தத் துளையைப் போட மறந்துவிட்டார். மாரி மழை வந்து தக்காளிக் கன்றுகள் எல்லாம் நின்ற நிலையில் அழுகின. அப்பா அதற்கும் கவலைப்படவில்லை. இப்போதுதான் விஷயம் பிடிபட்டது என்று சொல்லிவிட்டு, கூட இன்னும் கொஞ்ச வாளிகள் கொண்டுவந்தார். குழாய்க்குள் நுளம்பு முட்டையிடுகிறது என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து சத்தம் போட்டபோது, அவருக்கும் வாளி எப்படி வேலை செய்கிறது என்று நிறுத்தி வைத்து விளக்கினார். அந்த மனிதர் தப்பித்துப் போனால் போதும் என்று போனார். குழாய் வாய்களை மூடுவதற்கு என் நுளம்பு வலையில் ஒரு மூலை போயிற்று.

செடி தானே தண்ணீர் குடிப்பது உண்மைதான். ஆனால் வாளிக்குத் தாகம் எடுத்தால் நான்தான் கிணற்றடிக்குப் போக வேண்டும்.

தண்ணீரை விடப் பெரிய தொல்லை மண். வளவு முழுக்க மண் கிடக்க, அதில் ஒரு பிடி எடுக்க மாட்டார். குளம் வற்றின நேரம் பார்த்து அங்கிருந்து வண்டல் கொண்டுவருவார். அதோடு உக்கிய இலை, மாட்டுச் சாணம், உமிக்கரி. மண்புழுக்களை நானும் அம்மாவும் வாய்க்கால் கரையில் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். மேலே வெயில் படாமல் வைக்கோலால் மூடிவிடுவார். மண்ணுக்கு உயிர் இருக்கிறது, அதற்கும் பசிக்கும் என்பது அவருடைய கட்சி. அந்தப் பசிக்காகச் சாணத்தையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து மூடி வைத்து, நாள்தோறும் கிண்டிவிடுவார். அந்த மணம் என் பள்ளிக்கூடச் சட்டை வரைக்கும் வந்தது.

"புள்ள தேத்தண்ணிக்குக் கடிச்சுக்கச் சக்கர இல்ல. இந்தாளு மண்ணுக்குக் கரைச்சு ஊத்துறாரு," என்று அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிச் சொல்வார்.

அப்பாவும் அம்மாவும் சின்னப் பிள்ளைகளாக மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். வீட்டில் அவர்கள் அந்தப் பேச்சுப் பேசுவார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பேச்சில் பதில் சொல்வேன். எங்கள் வளவின் சொந்தக்காரி யாழ்ப்பாணத்தில் இருந்தார். காணிக்காரம்மா என்று சொல்வோம். காணியைப் பார்த்துக்கொண்டு அதிலிருந்த பழைய வீட்டில் நாங்கள் இருந்தோம். எனக்கு அவர் எப்போதாவது பிஸ்கற் பெட்டியோடு வந்து போகிற ஒரு சொந்தக்காரர் மாதிரி. அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மர நடுகை என்று எங்கள் வகுப்புக்கு ஆளுக்கொரு மாங்கன்று கொடுத்தார்கள். நான் அதை மடியில் வைத்துக் குழந்தை மாதிரிக் கொண்டுவந்தேன். அப்பா பார்த்தார். சந்தோஷமாக உள்ளே போய், இருந்ததிலேயே பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அப்பா, ரீச்சர் கிடங்கு கிண்டி நடச் சொன்னவா."

"வாளியில வச்சா மரம் வேணாங்குதா?"

"மாமரம் வாளிக்குள்ள எப்பிடி வளரும்?"

"வளர்ற வரைக்கும் வளரட்டும். பொறவு பாப்போம்."

பிறகு பார்ப்போம் என்பது எல்லாவற்றுக்கும் அப்பாவின் பதில். கூரை ஒழுகினாலும் அதுதான், சைக்கிள் ரயர் தேய்ந்தாலும் அதுதான். அழுதும் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். மாங்கன்று வாளிக்குள்தான் போயிற்று.

அடுத்த கிழமை, யார் யார் எங்கே நட்டீர்கள் என்று ரீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். கிணற்றடியில், கோயில் பக்கம், படலையடியில் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது.

"வாளியிலயோ?" என்றார் ரீச்சர். "ஏன், உங்களுக்கு வளவு இல்லையோ?"

"இருக்கு ரீச்சர்."

"பிறகென்ன?"

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு வாளி என்று பட்டம். அதைத் தண்ணீர் அள்ளுகிற மாதிரிக் கையால் காட்டியும் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்தேன். அம்மா என் பக்கம் நின்றார். அன்று பின்னேரம் அப்பாவோடு சண்டை பிடித்தார். "இன்னும் எத்தன காலத்துக்கு இப்புடி வாளிக்குள்ளயே இருக்கிறது?" என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மாங்கன்றைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, எனக்குள் பெரிய திருப்தி.

அந்த நாட்களில்தான், சொந்தக் காணி உள்ளவர்களுக்கு வீடு கட்ட உதவுகிற வீட்டுத் திட்டத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்ய எங்கள் ஒழுங்கைக்கு அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போனார்கள். எங்கள் படலையில் நின்று அப்பாவோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, உள்ளே வராமலே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் அடுத்த வீட்டில் அத்திவாரம் வெட்டினார்கள். வீடு முடிந்ததும் பெயின்ற் வேலை தனக்குத்தான் என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். அம்மா அவருக்குத் தேத்தண்ணீரை வைத்த விதத்தில் பாதி தரையில் சிந்தியது.

அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா அடுத்த வீட்டில் அலவாங்கு இரவல் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் மண்வெட்டிகூட இருந்ததில்லை.

"ஒன்னோட மாங்கன்னத் தூக்கிட்டு வா," என்றார்.

வீட்டின் பக்கவாட்டில், முன்னுக்கு வந்தால் யாருக்கும் தெரிகிற இடத்தில், கிடங்கு வெட்டினார். நான் வாளியைச் சரித்துக் கன்றை எடுத்துக் கொடுத்தேன். வேரைச் சுற்றி மண்புழுக்கள் நெளிந்தன. அப்பாவின் உயிருள்ள மண்ணையும் சேர்த்தே கிடங்கில் இறக்கி, அம்மா காலால் மிதித்து இறுக்கினார். பிறகு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு," என்றார்.

அப்பா வந்து பெரிய சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சத்தம் போட்டால் நானும் சத்தம் போடுவதாக இருந்தேன். அவர் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நட்டுட்டியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நட்டுட்டேன்."

அவ்வளவுதான். முகம் கழுவப் போய்விட்டார். பிடுங்கவும் இல்லை. மாங்கன்று நிலத்தில் பிடித்துக்கொண்டு செப்பு நிறத்தில் தளிர் விட்டது. ஒரு காலையில் அப்பா அதன் அடியில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டேன். என்னைக் கண்டதும் வேறு வேலை பார்க்கிற மாதிரி எழுந்து போனார். நான் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், எங்கள் மரம் இப்போது நிலத்தில் நிற்கிறது என்று.

காணிக்காரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டோவிலிருந்து இறங்கிக் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். வாளிகளைப் பார்த்துச் சிரித்தார். "வாளிக்குள்ளயே இவ்வளவு காய்ச்சிருக்கு. எனக்கும் ரெண்டு செய்து தாங்கோ தம்பி," என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்தார். பக்கவாட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது ஆர் நட்டது?"

அம்மா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"புள்ள நட்டுருச்சும்மா. பள்ளிக்கூடத்துல குடுத்தாங்க. தெரியாம நட்டுருச்சு."

கிடங்கு வெட்டியது யார், மிதித்தது யார், தளிர் விட்டபோது வைக்கோல் போட்டது யார்? "நான்" என்று தொடங்கினேன். அம்மாவின் விரல்கள் என் மேல்கையைக் கிள்ளிப் பிடித்தன. தோல் உரிந்துவிடும் போலிருந்தது.

"நீயோ நட்டனீ?" என்று காணிக்காரம்மா குனிந்து கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். அது கோபத்தில் வந்த அழுகை. அவர் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்.

"அழாதை பிள்ளை. மரம் நட்டது பிழையில்லை," என்று என் தலையைத் தடவினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். அவருடைய குரல் கோபமாக இல்லை, பயந்த மாதிரி இருந்தது. "தம்பி, உங்களுக்குத் தெரியும்தானே. ஊர்க்காணியை ஆமி இன்னும் எங்களுக்கு விடேல்லை. வாடகை வீட்டிலதான் இருக்கிறன். எனக்கெண்டு கிடக்கிறது இந்தத் துண்டு ஒண்டுதான்."

"தெரியும்மா. இப்பவே எடுத்துர்றேன்."

அப்பா முழங்காலில் இருந்து வெறுங்கையால் மண்ணைத் தோண்டினார். "வேர் அறாமல் பாத்து," என்று காணிக்காரம்மா பக்கத்தில் நின்று சொன்னார். வாளியைச் சரித்துப் பிடித்ததும் அவர்தான். கன்று திரும்பவும் வாளிக்குள் போயிற்று. போகும்போது அப்பா அவருக்குக் கத்தரிக்காயும் மிளகாயும் கட்டிக் கொடுத்தார். அவர் எனக்குப் பிஸ்கற் பெட்டியைத் தந்தார். நான் அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

ஓட்டோச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தேன்.

"பொய் சொன்னீங்கள்! அம்மாதானே நட்டவா! ஏன் என்னைச் சொன்னீங்கள்? பொய்!"

அடி அம்மாவிடமிருந்து விழுந்தது. கிடங்கு வெட்டிய அதே கை என் கன்னத்தில் பளாரென்று இறங்கியது. அடித்துவிட்டு அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா கிடங்கைக் கையாலேயே நிரவி, மேலே மிதித்துத் தட்டையாக்கினார். அங்கே எதுவும் இருந்ததில்லை என்பது போல ஆக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

கனநாள் நான் இருவரோடும் பேசவில்லை. வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவே அள்ளி ஊற்றினார். காணிக்காரம்மா கேட்ட இரண்டு வாளிகளையும் அவரே செய்து பஸ்ஸில் அனுப்பினார். மாங்கன்று அடுத்த கோடையில் பட்டுப்போனது. எனக்குக் கவலையாக இருக்கவில்லை, கோபம் அந்த அளவுக்கு மிச்சமிருந்தது. காணிக்காரம்மா எங்களைக் காணியிலிருந்து எழுப்பவில்லை. நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம்.

துணுக்காயில் அப்பாவின் தகப்பன் இன்னொருவருடைய காணியில் தென்னம்பிள்ளைகள் வைத்ததையும், காணியையே பிடிக்கப் பார்க்கிறான் என்று சொல்லி அந்தக் காணிக்காரர் ஒரே நாளில் குடும்பத்தை எழுப்பிவிட்டதையும் அம்மா எனக்குச் சொன்னது, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிந்தது. மரத்தை அம்மா நட்டிருந்தால், அது காணி கேட்பது. அப்பா நட்டிருந்தால், நிலத்தில் எதுவும் நடுவதில்லை என்று காணிக்காரம்மாவுக்குச் சொன்ன வாக்கை மீறுவது. இரண்டில் எதுவானாலும் அன்று பின்னேரமே நாங்கள் வாளிகளை அடுக்கியிருக்க வேண்டும். வேறு அர்த்தம் எதுவும் இல்லாமல் அந்த மண்ணில் ஒரு மாங்கன்றை நடக்கூடியவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அப்பா பொய் சொன்னார் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். நட்டது நானில்லைதான். ஆனால் தெரியாமல் என்று அவர் சொன்னது உண்மை.