சாமியம்மாள் வாங்கிய பாய்லர்

சாமியம்மாளுக்குக் காற்றென்றால் பயம். முத்தாண்டிக்குப்பத்தில் முதல் பிள்ளை பெற்றபோது ஓலைத் தட்டி மறைப்பில் உட்காரவைத்துத்தான் அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்போது மார்கழி. பெயர் வைக்கும் முன்பே அந்தப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. தாயின் ஈர உடம்பில் பட்ட காற்று பாலோடு பிள்ளைக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். அவள் அதை நம்பினாள்.

கணவன் கண்ணையனுக்குச் சுரங்கத்தில் வேலை பெர்மனன்ட் ஆகி நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாமியம்மாள் வீட்டுக்குள் போனதும் முதலில் இழுத்துப் பார்த்தது குளியலறைக் கதவைத்தான். நாலு பக்கமும் சுவர், உள்ளே தாழ்ப்பாள். பட்டம்மாளுக்கு இங்கே தைரியமாகத் தண்ணீர் ஊற்றலாம் என்று கணவனிடம் சொன்னாள். மகளுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

அறுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில் பட்டம்மாள் பிரசவத்துக்கு வந்தாள். வெந்நீருக்கு என்ன செய்வது என்ற பேச்சு அன்றே எழுந்தது. மருமகன் ராஜேந்திரன் மின்நிலையத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவன்.

"ஹீட்டர் ராடு ஒண்ணு வாங்கியாறேன் அத்தை. வாளியில தொங்கவுட்டு சுவிட்ச்சப் போட்டா கொதிச்சிடும். கை வைக்கறதுக்கு முன்ன அணைக்கணும், அவ்ளோதான்."

"அந்த அவ்ளோதான்தாங்க எனக்கு மறந்துபூடும். நீங்க கரண்டோடவே பொழங்குறவரு. நான் அவசரத்துல சூடு பாக்கக் கைய வுட்டுடுவேன்."

பக்கத்து வீட்டு லூர்துமேரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "கொல்லையில மூணு கல்லக் கூட்டி அண்டாவ ஏத்துவியா, அத்த வுட்டுட்டு மாநாடு போட்டுகினு இருக்கிற. ஒம் பொண்ணு என்னா கலெக்டர் பொண்டாட்டியா?"

"தூக்கியாறதுக்குள்ள ஆறிப்பூடும்க்கா. கதவ வேற தொறந்து தொறந்து மூடணும். பச்ச ஒடம்புல காத்து அடிக்கும்."

கடைசியில் சாமியம்மாள் இஷ்டப்படிதான் நடந்தது. மந்தாரக்குப்பம் பாத்திரக்கடையில் செம்பு பாய்லர் வாங்கினார்கள். நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் குழாய். விறகு போட்டால் புகை வரும். ஆனால் பழுப்பு நிலக்கரியை அழுத்திச் சுட்டு எடுத்த கட்டிகள் ஊரெல்லாம் கிடைத்தன. பற்றிக்கொண்டால் புகையே கிடையாது. அதனால் பாய்லரைக் குளியலறைக்குள்ளேயே வைத்தாள் சாமியம்மாள். மேலே இருந்த காற்றுத் துளைகளில் பழைய கோணியைச் சுருட்டித் திணித்தாள்.

பிறந்தது ஆண். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் விடிந்ததுமே நெருப்புப் போட்டுக் கதவைச் சாத்திவைத்தாள். அறை அடுப்படி மாதிரிக் கதகதவென்று ஆனது. குழந்தையை லூர்துமேரி மடியில் கொடுத்துவிட்டு மகளை உள்ளே கூட்டிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

இரண்டாவது சொம்பு ஊற்றும்போது பட்டம்மாள் சொன்னாள். "எம்மா, தல சுத்துது."

"ரத்தம் போன ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். கண்ண மூடிக்கோ."

"கதவக் கொஞ்சம் தொறயேன்."

"வேணாண்டி. காத்து வரும்."

பட்டம்மாள் அப்புறம் பேசவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தாள். தூக்கக் குனிந்த சாமியம்மாளுக்கும் முழங்கால் மடிந்தது. கத்தினாளா, சொம்புதான் விழுந்ததா என்று அவளுக்கே தெரியாது. நைட் ஷிப்டு முடிந்து படுத்திருந்த கண்ணையன் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவை உதைத்தான். தாழ்ப்பாள் பெயர்ந்தது. மகளை அப்படியே புடவையில் சுற்றிக் கொல்லைக்குத் தூக்கிவந்து போட்டான். திரும்பிப் போய் மனைவியை இழுத்துவந்தான்.

கார்த்திகை மாதத்துக் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில்தான் பட்டம்மாள் கண் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் சாமியம்மாள் டாக்டரிடம் கேட்டாள். "பொகையில்லாத கரிதானுங்களே?"

"புகை இருந்தா நீங்களே வெளிய ஓடி வந்திருப்பீங்கம்மா. இந்த விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கதவச் சாத்தி, மேல இருந்த ஓட்டையையும் அடைச்சா அது எங்க போவும்? இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா ரெண்டு பேரும் இல்ல."

சாயங்காலம் அவர்கள் வீடு திரும்பியதும் ராஜேந்திரன் வந்தான். மனைவியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், நேரே குளியலறைக்குப் போய்ப் பாய்லரைப் பார்த்தான். சாமியம்மாளால் தாங்க முடியவில்லை.

"ரெண்டு வார்த்த கேட்டுடுங்க மாப்பிள."

"என்னத்தக் கேக்கறது? மாமா, வாங்க, ஒரு கை புடிங்க. இந்தப் பாய்லரக் கொல்லையில வச்சிடலாம்."

பாய்லர் கொல்லை வாசலை ஒட்டி, கூரைச் சரிவுக்குக் கீழே இடம் மாறியது. கோணியைப் பிடுங்கி எறிந்தார்கள். பெயர்ந்த தாழ்ப்பாளை யாரும் திரும்ப அடிக்கவில்லை.

அடுத்த முறை தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில் பட்டம்மாள் குளியலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வரல."

"நெருப்புத்தான் வெளிய இருக்குதே."

"தெரியுது. நான் வரல."

சாமியம்மாள் வற்புறுத்தவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு தான் மட்டும் உள்ளே போனாள். முக்காலியில் உட்கார்ந்து, கட்டிய புடவையோடு தன் தலையில் ஒரு சொம்பு ஊற்றினாள். பிறகு இன்னொன்று. மேல் துளைகள் வழியாகக் காற்று வந்தது. நனைந்த தோளில் அது பட்டபோது அவள் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வாளியில் பாதி தீரும்வரை அங்கேயே இருந்தாள், மகள் பார்த்துக்கொண்டிருக்க.

பட்டம்மாள் மெதுவாக உள்ளே வந்தாள். உட்கார்ந்த பிறகும் கதவின் விளிம்பை ஒரு கையால் பிடித்து, மூடாமல் வைத்துக்கொண்டாள். சாமியம்மாள் சொம்பில் வெந்நீரை மொண்டு, சூடு பார்த்து, மகள் தோளில் ஊற்றினாள். கையை எடு என்று சொல்லவில்லை.