உள்ளே விட்ட துணி

எங்கள் சித்தி குழந்தைகளுக்குக் கவுன் தைப்பவள். எதைத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விடுவாள். பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடலாம் அல்லவா.

ராஜா இருந்த காலத்தில் நகர மண்டபத்துக் கொடி அவளிடம் வந்தது. கைப்பழக்கம், அதிலும் மடித்துவிட்டாள். பெரிய கொடியாச்சே என்று ஒரு சாண். கொடி என்ன பிள்ளையா, வளர்வதற்கு என்று தைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. பயந்துபோய் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ராஜா போனார், பட்டாளம் வந்தது. கொடி இன்னும் அகலமாக வேண்டுமாம். பட்டாளத்துக்கு எல்லாமே நாளைக்கே வேண்டும். கடைகளிலோ துணியே இல்லை. சித்தி பழைய கொடியின் தையலைப் பிரித்தாள். வெயில் படாத நீலம் உள்ளேயிருந்து புத்தம் புதிதாக விரிந்தது.

பட்டாளமும் போய், மக்கள் ஓட்டுப் போட்டார்கள். மறுபடியும் புதுக் கொடி. கட்டிலிலிருந்து அடுப்படி வரை துணி கிடந்தது. ஜன்னல் காற்றில் அது மெல்ல எழுந்து தாழ, ஏரிக்கரையில் நடப்பதுபோல நாங்கள் ஓரமாக நடந்தோம்.

சித்தப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "இனி இந்தக் கொடி மாறவே மாறாதாம். அப்புறம் எதுக்கு உள்ளே மடிக்கிற?"

சித்தி வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"கல்யாணச் சட்டை தைக்கும்போது நீங்களும் இதையேதான் சொன்னீங்க. இதுக்கு மேல எங்கே வளரப் போறேன்னு."

சித்தப்பா தொப்பையைத் தடவிக்கொண்டார். அன்றைக்கும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்.