பிரிக்பீல்ட்ஸில் ஒரு தலையணைத் தொப்பை

சனிக்கிழமை காலை 9.10. கிள்ளானில் ரயில் ஏறியதும் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம் வந்தது. கிளம்பும்போதே கைப்பேசியில் எடுத்து வைத்த அடுப்புப் படத்தைப் பார்த்தேன். அணைத்திருந்தேன். சுபாங் ஜெயாவில் இன்னொரு முறை பார்த்தேன்.

உண்மையான கவலை வேறு. என் ஏழு வயது மகள் யாழினிக்குப் பள்ளி நாடகத்தில் எந்நேரமும் தின்னும் ராஜா வேடம். மற்ற பெண்கள் தேவதைகள். இவளுக்குப் பூசினாற்போன்ற உடம்பு, அதனால்தான் கொடுத்தார்களோ? சபை ராஜாவைப் பார்த்துச் சிரிக்குமா, இவளைப் பார்த்தா? சம்மதமா என்று டீச்சருக்கு மாலைக்குள் சொல்ல வேண்டும்.

10.40. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் நானும் யாழினியும் இறங்கி நடந்தோம். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டி, ஒரு கடைவீட்டின் மாடியில் சிறிய காட்சிக்கூடம். நுழைவுக் கட்டணம் பத்து வெள்ளி, பிள்ளைகளுக்கு இலவசம். ஜார்ஜ் என்ற பெயரில் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட பழைய இங்கிலாந்தில், மேடையில் சிரிக்கவைத்த நடிகர்களைக் கேலியாக வரைந்து அச்சிட்ட படங்களின் பிரதிகள். அந்தக் கால நாடகங்களைக் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். நடித்தவர்களின் முகங்களை இன்றுதான் பார்த்தேன்: முட்டைக் கண், தாடையைத் தொடும் மூக்கு, குச்சிக் கால்.

பெரிய வயிற்று நடிகர் ஒருவரின் படம் வந்ததும் மகளை வேறு பக்கம் திருப்பப் பார்த்தேன். அதற்குள் அவள் வயிற்றைத் தள்ளி, முழங்காலை மடக்கி, அவரைப் போலவே நின்றாள்.

சீட்டுக் கொடுத்தவர் சிரித்தார். "பாப்பா, ஃபிரேமுக்குள்ள போயிடாத லா! அப்புறம் உன்னைப் பார்க்க அம்மா இன்னொரு டிக்கெட் எடுக்கணும்."

யாழினி பக்கத்துப் படத்துக்கு ஓடினாள். அதில் அதே நடிகர் ஒல்லியாக நின்றார். ஒருவர் அவர் இடுப்பில் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மா, பொய்த் தொப்பை! எனக்கும் தலகாணி வேணும். என் தொப்பை பத்தாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"பத்தாதா? அப்புறம் ஏன் உன்னை எடுத்தாங்க?"

"ராஜா பேசுறதை எல்லாரும் பேசிப் பார்த்தோம்மா. மத்தவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. நான் மட்டும் சிரிக்கல."

அந்தப் படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஒரு நடிகர்கூடச் சிரிக்கவில்லை.

1.20. திரும்பும் ரயிலில் டீச்சருக்கு எழுதினேன்: "சம்மதம் டீச்சர். தலையணை எந்த அளவில் வேண்டும்?"

"இந்த இட்லி போதாது! அடுத்த ஊர் இட்லியையும் கொண்டு வாங்க!" என்று யாழினி கர்ஜித்தாள். எதிரே இருந்த ஆன்டி குலுங்கிச் சிரித்தார். மகள் முகத்தில் ஓர் அசைவுகூட இல்லை. நான்தான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கிள்ளான் வரும்வரை அடுப்புப் படத்தைத் திறக்கவே இல்லை.