வெள்ளிக்கிழமை கருகும் பன்

"அண்ணே, எங்க ஓவன் பொய் சொல்லுது. உடனே வாங்க!"

போன மாதம் ஒரு புதன்கிழமை. போனில் கத்தியவர் திருவானைக்காவலில் பேக்கரி வைத்திருக்கும் கண்ணப்பன். அரியமங்கலத்தில் இருக்கும் என் பட்டறையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் திருச்சியில் ஹோட்டலோ, பேக்கரியோ, கல்யாண மண்டபமோ... எங்கே ஓவன் மக்கர் செய்தாலும் முதலில் என் நம்பரைத்தான் தேடுவார்கள். தற்பெருமை என்பீர்கள். இருக்கட்டுமே. உள்ளதைச் சொல்ல எதற்குக் கூச்சம்?

கண்ணப்பன் நல்ல மனிதர். கோபம் மட்டும் அவருக்கு முன்னால் நடக்கும். போனதும் ஒரு தட்டை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை சுட்ட பன்களாம். எல்லாம் கரி.

"இருநூறு டிகிரிதான் செட் பண்ணியிருக்கு. டிஸ்ப்ளே அதைத் தாண்டவே இல்லை. அப்புறம் எப்படிண்ணே கருகும்? ஒண்ணு ஓவன் பொய் சொல்லணும், இல்ல இந்தாளு பொய் சொல்லணும்!"

'இந்தாளு' என்று அவர் காட்டியது பேக்கரி மாஸ்டர் சேகரை. அவர் மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

ஓவனுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். டெம்பரேச்சர் ப்ரோப் என்று பெயர். நாங்கள் சென்சார் என்போம். உள்ளே எவ்வளவு சூடு என்று அதுதான் சொல்லும். 'போதும்' என்று அது சொன்னால் பர்னர் அணையும். சொல்லாவிட்டால் எரிந்துகொண்டே இருக்கும்.

கழற்றினேன். வயர் அறுந்திருந்தால் டிஸ்ப்ளேயில் எரர் வரும். கனெக்ஷன் லூஸாக இருந்தால் நம்பர் குதிக்கும். இரண்டும் இல்லை. ஐஸ் தண்ணீரில் விட்டேன் — பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. டீக்குக் கொதித்த தண்ணீரில் விட்டேன் — நூறைத் தொட்டது. நுனியில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. வெண்ணெய்க் கசடு என்று துடைத்து மாட்டிவிட்டேன்.

"சென்சார் நல்லா இருக்குங்க."

"அப்ப மாஸ்டர்தான்!" கண்ணப்பன் கை தட்டாத குறை. "சனி, ஞாயிறு கூட்டத்துல தட்டை உள்ள தள்ளிட்டு இவர் போன்ல ரீல்ஸ் பாப்பார். வேற மாஸ்டருக்குச் சொல்லிடறேன். திங்கக்கிழமை வந்துடுவார். சேகரு, நீ வேற இடம் பாத்துக்கப்பா."

எனக்குச் சுருக்கென்றது. சென்சாருக்கு நான் கொடுத்த நற்சான்று, ஒரு மனிதனின் பிழைப்புக்கு உலை வைத்துவிட்டதே!

வண்டியை எடுக்கும்போது சேகர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அண்ணே, தட்டை மறக்கறவன் இல்லண்ணே நான். வெள்ளிக்கிழமை கருக ஆரம்பிக்குது. திங்கக்கிழமை தானா சரியாயிடுது. முதலாளிகிட்ட சொன்னா, வாரக் கடைசியில உனக்குக் கொழுப்புங்கறார். பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேந்திருக்கு. இந்த வயசுல எங்க போய் நிப்பேன்?"

மெஷினுக்குக் கிழமை தெரியுமா? தெரியாது. மனிதர்களுக்குத்தான் தெரியும். அப்படியானால் வெள்ளிக்கிழமை யாரோ ஏதோ செய்கிறார்கள். கோளாறைப் பிடிக்க வேண்டுமென்றால், அது வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். என் தொழில் ரகசியம் இது. உங்களுக்கு இலவசம்.

வெள்ளி காலை, யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். ஓவன் இன்னும் பற்றவைக்கவில்லை. கண்ணப்பன் குளித்த ஈரத் தலையோடு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பொட்டு. மாவு மிக்சருக்குப் பொட்டு. பிரெட் வெட்டும் மெஷினுக்குப் பொட்டு. கடைசியில் ஓவன் கதவைத் திறந்தார். உள்ளே குனிந்தார். சந்தனத்தைக் கெட்டியாக, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி... சென்சார் நுனியில் அப்பினார். அதன் மேல் குங்குமம். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க இது?"

"பூஜைண்ணே. வாராவாரம் உண்டு."

"மத்ததுக்கெல்லாம் வெளியில வெச்சீங்க. இதுக்கு மட்டும் எதுக்கு உள்ள?"

"வேகறது உள்ளதானே? ஸ்டீல் தகட்டுல வெச்சா வழுக்கி விழுந்துடுது. இந்தக் கம்பிதான் வாகா இருக்கு."

சேகரைப் பார்த்தேன். "சாமிக்கு வெச்சதை நான் எப்படிண்ணே தொடறது? ரெண்டு மூணு நாள் ஆனா அதுவே காஞ்சு உதுந்துடும்" என்றார் அப்பாவியாக.

எனக்கும் பக்தி உண்டு. என் டூல் பாக்ஸுக்கும் பொட்டு உண்டு. 'உங்கள் பூஜைதான் பன்னைக் கருக்குகிறது' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? நான் சொல்லவில்லை. சூடு அளக்கும் என் மீட்டரின் வயரை அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். ஓவனைப் பற்றவைக்கச் சொன்னேன்.

ஓவன் டிஸ்ப்ளே நூற்று ஐம்பதில் நிதானமாக நடந்துகொண்டிருந்தபோது, என் மீட்டர் இருநூற்று இருபதைத் தாண்டி ஓடியது. பர்னர் அணைகிற வழியைக் காணோம்.

"ஏங்க, நெத்தியில சந்தனம் எதுக்கு வெக்கறோம்?"

"குளிர்ச்சிக்கு."

"அதேதான். அந்தக் கம்பிக்கும் குளிர்ச்சியா இருக்கு. சூடு தெரிய மாட்டேங்குது."

கண்ணப்பன் இரண்டு நம்பரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் பார்க்கட்டும். அதற்குள் உங்களிடம் ஒன்று. எங்கள் மெக்கானிக் சங்கத்தில் ஒரு தடவை எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள் — எடுக்காமல் இருப்பார்களா? ஆளுயர மாலை. அதன் மேல் இன்னொரு மாலை. மூக்கு வரை ரோஜாப்பூ. இறங்கும்போது மேடைப் படி தெரியாமல் உருண்டேன். மாலை போட்டவர்கள் அத்தனை பேரும் என் மேல் பிரியமானவர்கள்தான்! மரியாதை செய்வது பெரிதில்லை. எந்த இடத்தில் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பார்க்கிற கண்ணிலும் கேட்கிற காதிலும் கொண்டுபோய் அப்பினால், வாங்கிக்கொண்டவருக்கு நிலவரம் எப்படித் தெரியும்? வீட்டில், ஆபீஸில், கட்சியில்... நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணப்பன் பர்னரை அணைத்தார். போனை எடுத்தார்.

"தம்பி... திங்கக்கிழமை நீங்க வர வேணாம்ப்பா. இங்க ஆள் இருக்கார்."

சேகரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முதலாளிகளுக்கு அது பழக்கமில்லையே! சந்தனக் கிண்ணத்தை மட்டும் அவர் கையில் கொடுத்தார்.

"இனிமே ஓவனுக்கு நீயே வெச்சுடு. வெளியில. கதவு மேல."

சேகர் கதவுக்கு ஒரு பொட்டு வைத்தார். கிண்ணத்தில் மீதி இருந்ததை வழித்து, தன் நெற்றி முழுக்கத் தடிமனாக அப்பிக்கொண்டார்.

"உனக்கு எதுக்குப்பா இவ்வளவு?"

"நீங்க திட்டறப்போ எனக்கும் சூடு தெரியாம இருக்கட்டும் முதலாளி."