பொட்டு மறைத்த எண்

திண்டிவனத்தில் பாண்டுரங்கனுடைய கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் ஒருநாள் யுபிஎஸ் ஓயாமல் கத்தியது. ரிப்பேர் பார்க்க வந்த சவுரிராயன் அது இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். திறந்த வேகத்தில் சத்தமில்லாமல் மூடினார். “பார்ட்ஸ் பாண்டிச்சேரியிலேர்ந்து வரணும். அதுவரைக்கும் இத்த யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பெருக்கும்போது பாண்டுரங்கனின் மனைவி தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். தேங்காய் நார்க் கூட்டில் கண் திறக்காத அணில் குட்டிகள். அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. குட்டிகள் ஓடிப்போன பிறகுதான் பார்ட்ஸ் வந்தது.

சவுரிராயன் வானூர்ப் பக்கத்துக்காரர். தொண்ணூற்று மூன்றில் டேப் ரெக்கார்டர் ரிப்பேரில் தொடங்கினார். அப்புறம் டிவி, அப்புறம் கம்ப்யூட்டர். எதைத் திறந்தாலும் முதலில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஆயுத பூஜை முடிந்த வாரம், பாண்டுரங்கனை நெஞ்சு வலியோடு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோ கம்ப்யூட்டர் தடுமாறத் தொடங்கியது. ஆவணியில் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அதற்குள்தான். ஒரு வீட்டுக்கும் இன்னும் வீடியோ கொடுக்கவில்லை. தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியுமா? தையல்நாயகி சவுரிராயனுக்குப் போன் போட்டாள்.

சவுரிராயன் வந்து பார்த்தார். “உள்ள நாலு டிஸ்க் இருக்குது எம்மா. திருவிழாவுல மாதா சொரூபத்த நாலு பேரு தோள்ல தூக்குறாங்க இல்ல, அப்பிடி. ஒருத்தரு தடுக்கினா மத்த மூணு பேரு சமாளிச்சிடுவாங்க. ரெண்டு பேரு கைய வுட்டா எல்லாம் போச்சி.”

“எது தடுக்குதுண்ணே?”

“அதான் பேஜாரு. சீக்காளியோட நம்பர் ஸ்கிரீன்ல வருது. டிஸ்க் மேலயும் அந்த நம்பர் இருக்கும். நோவு இல்லாதத உருவிட்டா கத முடிஞ்சிது.”

கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்க்குகளை வெளியே எடுத்தார். பூஜைக்காகப் பாண்டுரங்கன் நான்கையும் துடைத்து, லேபிள் மேலேயே தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கைக்கு வந்த வரிசையில் மாட்டியிருந்தார்.

“இத்த அழிச்சாதான் நம்பர் தெரியும் எம்மா.”

தையல்நாயகி பின்னால் நகர்ந்தாள். “வாணாண்ணே. அவரு அங்க படுத்துக்கினு இருக்கறாரு. அவரு வெச்ச பொட்ட நான் அழிக்கவா?”

சவுரிராயன் ஆறிய டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். “அழிக்க வாணாம். எடம் மாத்திக்கலாம். மொதல்ல பக்கவாட்டுல புதுப் பொட்டு வைங்க. அப்புறம் மேல இருக்கிறத நான் எடுக்கறேன். ஒரு நிமிஷங்கூட பொட்டு இல்லாம இருக்காது.”

“உங்க சாமி ஒண்ணும் சொல்லாதாண்ணே?”

“அவருக்கு வேற வேல இல்லியா எம்மா?”

அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. சந்தனம் குழைத்து ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பொட்டு வைத்தாள். அவர் ஈரப் பஞ்சால் மேலே ஒற்றி ஒற்றி எடுத்தார். மூன்றாவதில் அந்த எண் தெரிந்தது. அப்போதும் அவர் அதை ஒதுக்கவில்லை. “கேபிள் பண்ண தப்புக்கு இது மேல பழி போடக்கூடாது” என்று புதுக் கேபிளில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். கோளாறு குறையவில்லை. அதன் பிறகே அதைக் கழற்றினார்.

விழுப்புரம் போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்து மாட்டினார். மற்ற மூன்றும் தங்களிடம் இருந்ததைக் கொண்டு அதை மெல்ல நிரப்பத் தொடங்கின. நடுவில் இன்னொன்று படுத்துவிட்டால் அவ்வளவுதான். அவர் ஜெபமாலையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் விளக்கேற்றினாள். ஆண்டவன் கைவிடவில்லை. மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து, அவர் ஒரு கல்யாணத்தைத் திறந்தார். மணப்பெண் மாலை கனத்தில் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாண்டுரங்கன் தேறி வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். “பொட்டு ஏன் பக்கத்துக்குப் போச்சி?”

“காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்” என்றாள்.

சில வருஷம் கழித்து, கண் மங்கிப்போய், சவுரிராயன் தொழிலை விட்டுவிட்டுப் பெங்களூரில் இருந்த மகள் ஜெசி வீட்டுக்குக் கிளம்பினார். சொல்லிக்கொண்டு போக ஸ்டூடியோவுக்கு வந்தார். தையல்நாயகி அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். படியிறங்கியவர் திரும்பி நின்று சொன்னார்:

“நாலு டிஸ்க் இருக்குதுன்னு தைரியமா இருக்காதீங்க எம்மா. எல்லாக் கல்யாணத்தையும் இன்னொண்ணுல ஏத்தி, கண்டாச்சிபுரத்துல உங்க தாய் வூட்ல வைங்க. ஒரே கூரைக்குக் கீழ எல்லாத்தையும் வெச்சிக்கினு, அப்புறம் சாமிய பேஜார் பண்ணக்கூடாது.”