அப்பாவுக்குப் போட்ட கதிரை

சென்ற வாரம் வெள்ளவத்தையில் ஓர் அலுவலக வரிசையில் நின்றிருந்தேன். உத்தியோகத்தர் ஒருவர் என்னை மட்டும் பார்த்து, "வாடி வென்ன, அம்மா" என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லிக் கதிரையை நகர்த்தினார். நரைத்த தலைக்குக் காட்டிய இரக்கந்தான். ஆயினும் நான் உட்காரவில்லை. பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று முதுகு கூசியது. கதிரையைக் கண்டு அஞ்சும் மனிதர் என்னையன்றி வேறெவரும் இரார்.

இந்தக் கூச்சம் கொட்டாஞ்சேனையில் தொடங்கியது. அப்பா துறைமுகப் பண்டசாலையில் எழுதுவினைஞர். சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. போர்க்காலத்தில், எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கிருந்த வடக்குப் பிள்ளைகளைச் சுற்றிவளைப்பில் பிடித்துப்போனால், வேலை முடிந்த கையோடு பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு பொலிஸ் நிலையம் போவார். பெரும்பாலும் பிள்ளைகளோடுதான் திரும்புவார். அதுவே வினையாயிற்று. பெற்றவர்கள் சுவரோரம் நிற்க, அங்கிருந்த சார்ஜன் அப்பாவுக்கு மட்டும் கதிரை போடுவாராம்.

அறைகளை வாடகைக்கு விட்டிருந்த தெரேசா அக்கா அம்மாவிடமே கேட்டுவிட்டார்.

"எங்களுக்கில்லாத கதிரை அண்ணனுக்கு மட்டும் என்னத்துக்கு? பிள்ளையளின்ர பேரை அவங்களுக்குக் குடுக்கிறவைக்குத்தான் அங்க கதிரை."

அம்மா சோறு போடும்போதே விசாரணையைத் தொடங்கினார். சார்ஜனின் மகளுக்கு வலிப்பு நோய். அவளுக்காகக் கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னார், கொளுத்துகிறேன் என்றார் அப்பா. செவ்வாய்க்கிழமைகளில் அவர் சட்டையில் மெழுகு மணக்கும் என்பது மெய்தான்.

"அப்ப அதுவும் லஞ்சந்தானே?"

அப்பா மீனில் முள்ளெடுப்பதில் மும்முரமானார். பிள்ளையின் பெயரென்ன என்று அம்மா மடக்கினார்.

"அது எனக்கும் அந்தோனியாருக்கும் தெரிஞ்சாக் காணும்."

அப்படியொரு பிள்ளை உண்டா என்ற ஐயம் அம்மாவுக்கு வந்தது. எனக்கும் வந்தது.

சார்ஜன் மாற்றலாகிப் போனார். புதிதாய் வந்தவர் கதிரை போடவில்லை. ஒருநாள் அப்பாவையும் பிள்ளைகளோடு சேர்த்து மாலைவரை சுவரோரம் நிறுத்திவிட்டார். வீடு திரும்பியவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தவர் தெரேசா அக்கா. அன்று முதல் ஒழுங்கை முழுதும் அப்பாவை நம்பியது. அன்று முதல் அவர் சொல்லுக்கு ஒரு பிள்ளையும் பொலிஸ் நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமைச் சட்டையில் மெழுகு மணப்பது நிற்கவில்லை. இனி யாருக்காக என்று அம்மா வியந்து கேட்டார்.

"அவனைத்தானே மாத்தினவங்கள். பிள்ளைக்கு வலிப்பு வருத்தம் அப்பிடியேதானே."

ஒழுங்கை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. தெரேசா அக்கா கனடாவில் கண்மூடினார். அப்பா மீட்டுவந்த பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலோ. அவர் படுக்கையில் விழுந்த பின், இனி அந்தத் திரியை நான் கொளுத்துகிறேன், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பாதி பக்தி, பாதி வேவு. அவருக்கு அது விளங்கிவிட்டது.

"நீயும் பேர் கேக்கிறாய், என்ன பிள்ளை?"

சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெயர் அவரோடு போயிற்று.