உளுந்து ஊற வைத்த நல்ல தண்ணீர்

ஈரத்துணி போட்டு மூடிய ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். பக்கத்துக் கடை அக்காவை நினைத்தால் அந்தக் குடத்தை இடுப்பில் சுமந்து வந்து என் கடை வாசலில் இறக்கி வைத்ததுதான் முதலில் கண்ணில் நிற்கிறது. திண்டுக்கல்லில் குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கோ ஒரு நாள் வரும். வருகிற அன்று பிடித்து வைத்து, அடுத்த முறை வரும்வரை அதைக் குடித்தாக வேண்டும். மற்ற புழக்கத்துக்கெல்லாம் போர் தண்ணீர். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தால் குடிக்கத்தான் கொடுத்தார் என்று யாரும் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைத்துக் குடிக்கிற பானையில் ஊற்றிவிட்டேன்.

நான் சாணார்பட்டிப் பக்கத்தில் பிறந்தவள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்புப் பிடித்துப் படுத்த பிறகு, வேறு வழி தெரியாமல் மண்டிக்குப் பக்கத்துத் தெருவில் இட்லிக்கடை போட்டேன். என் பிறந்த வீட்டில் தீபாவளிக்குத்தான் இட்லி. அந்தக் கைக்கு என்ன பக்குவம் வரும்? சாப்பிட வந்த சுமைக்காரர்கள் முகத்துக்கு நேரே கேலி பேசுவார்கள். "ஏத்தா, இது இட்லியா எடைக்கல்லா? ரெண்டைக் குடு, வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கணும்." எனக்கோ யாரிடமும் வாய் திறந்து பதில் சொல்ல வராது. தலையைக் குனிந்துகொண்டு சட்னி ஊற்றுவேன். மூன்று வீடு தள்ளி அக்கா கடையில் கூட்டம் நிற்கும். உளுந்து சரியில்லை என்று நான் கடை கடையாக உளுந்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

குடம் கொடுத்த மறுநாள் அக்கா வந்து என் மாவைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டி, குடிக்கவா குடுத்தேன்? உளுந்தூறப் போடத்தாண்டி குடுத்தேன். உப்புத் தண்ணியில ஊறுனா அது எப்பிடிடி பொங்கும்?"

அவ்வளவுதான் அந்த ரகசியம். உளுந்தைக் கழுவுவது எந்தத் தண்ணீரிலும் கழுவலாம். ஊறுவது நல்ல தண்ணீரில் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே தெளித்து ஆட்ட வேண்டும். கல்லைத் தொட்டால் சூடு தெரிகிறதா, நிறுத்தி ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தால் எங்கள் ஊர் வெயிலிலும் மாவு சீக்கிரம் புளிக்காது. குடிக்கவே காணாத தண்ணீரை உளுந்துக்கு ஊற்ற எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. அதனால்தான் அது அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பெரிய வித்தையாக இருந்திருந்தால்கூடப் பின்னால் எனக்கு இத்தனை வெட்கம் வந்திருக்காது.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர் வீட்டுக்காரருக்குத் துளியும் பிடிக்கவில்லை. கடைக்குள் இருந்தபடியே, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நீ ஈ ஓட்டு!"

அக்கா அசரவில்லை. "ஒரு கடை இருந்தாப் போற வழியில ஒரு கடை. ரெண்டு இருந்தாத்தான் இட்லிக்கடைத் தெருன்னு தேடி வருவாக. நீங்க செத்த நேரம் சும்மா இருங்க" என்றார்.

அவர் சொன்னது பலித்தது. தேடித்தான் வந்தார்கள். ஆனால் மண்டி வாசலுக்கு என் கடைதான் முதலில் வரும். வந்த கூட்டம் என்னிடமே நின்றுவிட்டது. கொஞ்ச காலத்தில் அக்கா கடையை மூடினார். "முழங்கால் ஒத்துக்கலடி" என்றார். நானும் முழங்கால்தான் என்று நம்பிக்கொண்டேன். அப்படி நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

என் மகன் தலையெடுத்த பிறகு இட்லியை விட்டுவிட்டு மாவுக்கு மாறினோம். இப்போது தாடிக்கொம்பு, கொடைரோடு வரைக்கும் எங்கள் பாக்கெட் போகிறது. அதில் என் போட்டோவைப் போட்டிருக்கிறான். கேமராவைப் பார்க்க வெட்கப்பட்டுக் குனிந்திருக்கிறேன். அடியில் 'பரம்பரைக் கைப்பக்குவம்' என்று எழுதியிருக்கிறது. எந்தப் பரம்பரை என்று நான் கேட்டதில்லை. மளிகைக் கடைக்குப் போனால் அந்தப் பாக்கெட் இருக்கிற பக்கம் திரும்பாமல் சாமான் வாங்கி வருவேன்.

அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மில்லை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாவு ஆட்டி டீக்கடைகளுக்குப் போட ஆரம்பித்திருந்தாள். மதியத்துக்குள் புளித்துப் போகிறது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்களாம். போன கோடையில் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்து நின்றாள். "சின்னம்மா, இன்னும் ஒரு கடை விட்டுப்போச்சுன்னா கிரைண்டரை வித்துட்டுத் திருப்பூருக்குத்தான் போகணும். பிள்ளைகளை எங்க விடுறதுன்னு தெரியல. உங்க மாவு மட்டும் எப்பிடிப் புளிக்காம நிக்குது?"

எனக்கு முந்தி என் மகன் பதில் சொன்னான். முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அக்கா, அதெல்லாம் எங்க வீட்டுத் தொழில் ரகசியம். அதைப் போயிக் கேக்கலாமா?"

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "அதுவும் சரிதான் தம்பி" என்றாள் அவள். வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டாளோ என்னவோ, ஒரு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு போனாள். என் முகம் போட்ட பாக்கெட்டை அக்காவின் மகள் பையில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது.

அன்று சாப்பாட்டில் வெஞ்சனம் தொட்டுக்கொள்ளக்கூட மனம் வரவில்லை. மகனிடம் சொன்னேன், அது அந்தப் பிள்ளையின் அம்மா எனக்குக் கொடுத்தது என்று. அவன் கெட்டவன் இல்லை. நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன்.

"குடுத்துச்சு, இல்லைங்கல. குடுத்த கடை என்னாச்சும்மா? மூடிட்டுப் போயிருச்சுல்ல? நாமளும் மூடணுமா?" என்றான்.

இத்தனை வருஷம் நான் முழங்கால் என்று சொல்லி மூடி வைத்ததை அவன் ஒரே கேள்வியில் திறந்துவிட்டான். கொடுத்தால் குறையாது என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவுக்குக் குறைந்தது. அதைத் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அதனாலேயே ஒளித்து வைக்கிற யோக்கியதை மற்ற யாருக்கு இருந்தாலும் எங்களுக்கு இல்லை என்று தோன்றியது.

"நான் போயிச் சொல்லிட்டு வாரேன்" என்றேன்.

"போ. நாளைக்கு நம்ம கடைகளுக்கே அந்தக்கா மாவு போடும். அப்பத் தெரியும்."

நான் போனபோது அவள் வீட்டில், நல்ல தண்ணீர் பிடித்து வைத்த நீல டிரம் பக்கத்தில், உளுந்து போர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரைச் சொன்னேன், கல்லின் சூட்டைச் சொன்னேன். கேட்டு முடித்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன் சின்னம்மா. எம்பிள்ளைக மேல சத்தியம்."

கேட்காமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் மகள், அவருடைய தண்ணீரை ஒளித்து வைப்பேன் என்று என்னிடமே சத்தியம் செய்கிறாள். கையை உருவிக்கொண்டேன். "சத்தியமெல்லாம் வேணாம் தாயி. இது என்னுது இல்ல. உங்க அம்மா எனக்குச் சொன்னது."

"அம்மாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"மில்லுக்குப் போற பிள்ளைக்கு எதுக்குன்னு விட்டிருக்கும்."

"அப்ப அன்னிக்குத் தம்பி சொன்னப்ப நீங்க ஏன் சின்னம்மா பேசாம இருந்தீக?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கூச்ச சுபாவம் என்று ஊரில் எல்லோரும் என்னைச் சொல்வார்கள். நல்ல குணம் என்று நானும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அதற்கு வேறு பேர் இருப்பது தெரிந்தது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல். "என்னடி, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு? புதையல் கிதையல் எடுக்குறியா?"

அக்காவின் மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தாள். "உளுந்தூறப் போடுறதச் சின்னம்மா சொல்லிக் குடுக்குறாக. நீயுந்தான மாவு ஆட்டுறே? வா, வந்து உக்காரு."

வந்தவள் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை அக்காவின் பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.